ஆபத்தில் டெலிபோனை எடுப்பது யார்?

அனந்தபுரத்திலிருந்தும், செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் ஒவ்வொரு வருஷமும் ஆனி, ஆடி மாதங்களில் பெண்பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு பஸ் ஏறுகின்றார்கள். விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை, புதுச்சேரி, சென்னை ஆகிய ஊர்களிலுள்ள கல்லூரிகளுக்குப் படிக்கப் போகின்றார்கள். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கின்றவர்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய சங்கதியேயாகும்.

ஆனால் அனுப்புகின்ற பெற்றோர் என்ன செய்து அனுப்புகின்றார்கள் என்று கவனிப்போமானால், மேல்மலையனூர் அம்மன் கோயில் குங்குமத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கின்றார்கள்; கையில் கயிறு கட்டுகின்றார்கள்; நல்ல நேரம் பார்த்து வாசற்படி தாண்டச் செய்கின்றார்கள். "பார்த்து நடந்துகொள், நம் மானத்தைக் காப்பாற்று" என்று புத்தி சொல்லுகின்றார்கள். கட்டணம் எவ்வளவு, விடுதிச் சாப்பாடு எப்படி என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரிக்கின்றார்கள். "ராத்திரி பத்து மணிக்கு அந்த வளாகத்துக்குள் என் பெண்ணுக்கு ஓர் ஆபத்து வந்தால் அவள் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டால் எடுப்பது யார்? எடுத்தவர் முதலில் என்ன கேட்பார்?" என்று மாத்திரம் எந்தத் தகப்பனாரும் எந்தத் தாயாரும் கேட்பதாகக் காணோம். நமது அபிப்பிராயத்தில், கேட்க வேண்டியவற்றுள் முதன்மையான கேள்வி இதுவேயாகும்.

அந்த நாற்காலியின் வேலை

மேல்நாடுகளில் இதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கின்றது. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சொந்தமாகப் போலீசு இலாகாவே உண்டு. 1894-ம் வருஷத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. அந்தப் போலீசு நிலையத்தில் இரவும் பகலும் ஒருவர் டெலிபோன் முன் உட்கார்ந்திருப்பார். அவரை டிஸ்பாட்சர் என்று சொல்லுவார்கள். நம்மூர்ப் போலீசார் பேச்சில் சொன்னால் "கண்ட்ரோல்". அவரிடம் துப்பாக்கி கிடையாது, தடி கிடையாது. காதில் மாட்டிய ஒரு கருவியும், வாயில் ஒழுங்கான சில கேள்விகளும், எதிரில் வளாகத்தின் படமும், ரோந்து சுற்றுபவர்களோடு பேச வயர்லெசும், நேரத்தோடு எழுதி வைக்கும் ஒரு பதிவேடும்தான் அவருடைய ஆயுதங்கள்.

இந்த வேலையைச் சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் அதன் முறையைக் கவனிக்க வேண்டும். கூப்பிடுகின்றவர் அழுவார், கத்துவார், மூச்சு விடாமல் பேசுவார், அல்லது பேசவே பயந்து சும்மா இருப்பார். எடுக்கின்றவர் முதலில் கேட்பது "எங்கே இருக்கின்றீர்கள்?" என்பதாகும். ஏனென்றால் லைன் அறுந்து போனாலும் இடம் தெரிந்துவிட்டால் ஆளை அனுப்பிவிடலாம். இடம் தெரியாமல் மற்ற எல்லாம் தெரிந்தும் பிரயோஜனமில்லை. அடுத்தது திரும்பக் கூப்பிட வேண்டிய நம்பர். அடுத்தது என்ன நடக்கின்றது, யாருக்காவது காயமா, தாக்குகின்றவன் இன்னும் பக்கத்தில் இருக்கின்றானா, கையில் ஆயுதம் உண்டா. இவ்வளவும் கேட்டு முடித்த பிறகு ஆள் அனுப்புவதில்லை. ஒரு வாயால் கேட்டுக்கொண்டே மறு கையால் ஆளை அனுப்புகின்றார். உதவி போய்ச் சேரும் வரையில் லைனை விடுவதுமில்லை. மூச்சு நின்று விழுந்து கிடப்பவர் பக்கத்தில் ஒன்றுந் தெரியாத ஒருவர் நின்றால், அவருக்கே டெலிபோனில் சொல்லிக் கொடுத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வரை நெஞ்சை அமுக்கச் செய்து, ஆம்புலன்ஸ் வரும் வரையில் உயிரைப் பிடித்து வைக்கின்றார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் இது மேல்நாட்டாருக்கும் தெரியாமலே இருந்தது. 1935-ம் வருஷம் நவம்பர் மாதம் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்து ஐந்து பெண்கள் மாண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் டெலிபோனில் தீயணைப்புக்காரரைக் கூப்பிடப் பார்த்து, எக்ஸ்சேஞ்சில் வரிசையில் காத்துக் கிடந்தார். அந்த ஊரார் அதை "ஆண்டவன் சித்தம்" என்று விட்டுவிடவில்லை. அவர் பத்திரிகைக்கு எழுதினார், விசாரணை நடந்தது, 1937-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி 999 என்ற நம்பர் ஏற்பட்டது. அந்த நம்பருக்கு வரும் அழைப்பு மற்ற அழைப்புகளுக்கு முன்னால் எடுக்கப்பட வேண்டும் என்பது அதன் அர்த்தம். அமெரிக்காவில் 911 என்ற நம்பரில் முதல் அழைப்பு 1968-ம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி அலபாமா மாகாணத்தில் ஹேலிவில் என்ற சிற்றூரிலிருந்து போயிற்று.

நமது நாட்டிலும் இது இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2008-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி 108 ஆம்புலன்ஸ் ஏற்பட்டது. போலீசு, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 112 என்ற ஒரே நம்பர், 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி, 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 108 என்றால் நமது ஜனங்களுக்கு நூற்றெட்டுத் திருப்பதியும் நூற்றெட்டுத் தேங்காயும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த எண்ணைச் சொன்னால் வண்டி வரும் என்று பாட்டிமாருங்கூட நினைக்கின்றார்கள். நூற்றெட்டுத் தடவை சுற்றிக் கும்பிட்டும் வராத உதவி மூன்று எண்களை அமுக்கினால் வருகின்றது என்றால், இதைவிடப் பகுத்தறிவுப் பிரசாரம் வேறென்ன வேண்டும்?

"எங்கே" என்ற கேள்வியும் நமது ஊர்களும்

நிற்க, இந்த "எங்கே" என்கின்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுவோம். 108-க்குக் கூப்பிட்டால் அழைப்பு சென்னைக்குப் போகின்றது. அங்கே எடுப்பவர் செஞ்சியைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டியதில்லை. "அனந்தபுரம்" என்று ஒருவர் பதறிச் சொன்னால், ஆந்திராவில் ஓர் அனந்தபுரம், கேரளத்துத் தலைநகருக்கே பேர் திருவனந்தபுரம், இவற்றுக்கு நடுவில் இது விழுப்புரம் ஜில்லா செஞ்சி தாலுகா அனந்தபுரம் என்பதை அவர் நிச்சயித்தாக வேண்டும். ஊரின் தலபுராணம் அவருக்கு வேண்டியதில்லை. எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டிக்கு எந்தப் பக்கம் என்பதே வேண்டும்.

அங்கேதான் நமது சமுதாயத்தின் யோக்கியதை வெளிப்படுகின்றது. நமது நாட்டில் ஒருவன் இருக்கின்ற இடத்தைச் சொன்னால் அவனுடைய ஜாதியையும் சொன்னதாக ஆகிவிடுகின்றது. "ஊர்" என்றால் ஒன்று, "காலனி" என்றால் மற்றொன்று. பாம்பு கடித்தவனும் பிரசவ வலி எடுத்தவளும் உதவி கேட்கின்ற நேரத்தில்கூடத் தன் ஜாதியைச் சொல்லித்தான் விலாசம் சொல்ல வேண்டியிருக்கின்றது என்றால், அது அந்த மனிதனுக்கு எவ்வளவு அவமானம் என்பதை யோசித்துப் பாருங்கள். 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அது வரவேற்கத் தக்கதே. ஆனால் ஆவணத்தில் போனது வாயிலிருந்தும் போக வேண்டும். விலாசம் என்பது உதவி வருவதற்கு வழியே ஒழிய, மனிதனுடைய பிறப்பைத் துருவிப் பார்க்கும் துவாரம் அல்ல.

ஆபத்தில் டெலிபோன் எடுக்கின்றவரிடத்தில் நாம் காணுகின்ற சிறப்பு இதுவேயாகும். அவர் "நீ எந்த ஜாதி?" என்று கேட்பதில்லை, கேட்க அவருக்கு உரிமையுமில்லை. "எங்கே?" என்பதைத்தான் கேட்கின்றார். கூப்பிட்டவர் யாராயிருந்தாலும் வண்டி ஒன்றே, வரிசை ஒன்றே. கோயிலில் இல்லாத சமத்துவம் அந்த டெலிபோன் லைனில் இருக்கின்றது. இருக்க வேண்டும் என்பதே சட்டம்.

கல்லூரிக்குள் நடப்பது

இனிக் கல்லூரிக்கு வருவோம். நமது கல்லூரிகளில் ஒரு பெண்ணுக்கு ஆபத்து வந்தால் வழக்கமாக நடக்கக்கூடியது என்ன? அவள் தோழியிடம் சொல்லுவாள். தோழி விடுதிக் காப்பாளரிடம் சொல்லுவாள். விடுதிக் காப்பாளர் பிரின்ஸ்பாலிடம் கேட்பார். பிரின்ஸ்பால் நிர்வாகத்தைக் கேட்பார். இந்த ஒவ்வொரு படியிலும் "எங்கே?" என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. "ஏன்?" என்ற கேள்வியே கேட்கப்படுகின்றது. ஏன் அந்த நேரத்தில் போனாய்? ஏன் அந்தப் பக்கம் போனாய்? ஏன் அந்தப் பையனோடு பேசினாய்? ஏன் இந்த உடை உடுத்தினாய்?

"ஏன்?" என்று கேட்பது பகுத்தறிவுக்கு அடையாளமல்லவா, நீங்களே அப்படித்தானே சொல்லிக் கொடுக்கின்றீர்கள் என்று சில புத்திசாலிகள் நம்மைக் கேட்கலாம். வாஸ்தவம். சாமியை ஏன் என்று கேள்; சாஸ்திரத்தை ஏன் என்று கேள்; அதிகாரத்தில் உள்ளவனை ஏன் என்று கேள். கிணற்றில் விழுந்து தத்தளிப்பவனைப் பார்த்துக் கயிறு போடுவதற்கு முன்னால் "ஏன் விழுந்தாய்?" என்று கேட்பது பகுத்தறிவல்ல. அது கயிறு போடாமலிருப்பதற்குச் சொல்லுகின்ற சாக்கு. மேலும் இந்த "ஏன்" தாக்கியவனைப் பார்த்துக் கேட்கப்படுவதே இல்லை. தாக்கப்பட்டவளைப் பார்த்து மாத்திரமே கேட்கப்படுகின்றது. அதிலிருந்தே அது ஆராய்ச்சிக் கேள்வி அல்ல, மனு தர்மக் கேள்வி என்பது விளங்கவில்லையா?

இது நாம் வீணாகக் கற்பனை செய்து பேசுவதல்ல. 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் 23-ந் தேதி இரவு, சென்னை கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டாள். சுற்றுச்சுவரும், காவலாட்களும், காமிராக்களும் உள்ள இடம் அது. குற்றவாளி எந்தக் கத்தியை நம்பி வந்தான்? அவன் நம்பியது ஒரு செல்போனையும், கல்லூரி நிர்வாகத்தின் மீது அந்தப் பெண்ணுக்கு இருக்கக்கூடிய பயத்தையுமேயாகும். நண்பனோடு இருந்ததைப் படம் எடுத்துவிட்டதாகவும், அதைக் காட்டிக் கல்லூரியை விட்டே அனுப்பச் செய்துவிடுவதாகவும் மிரட்டினான் என்பதே வழக்கு. தோழர்களே, இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு கயவனுக்கு ஆயுதமாகப் பயன்பட்டது நமது கல்லூரிகளின் "ஒழுக்கம்". அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டிய நிர்வாகத்தின் பேரைச் சொல்லியே அவளை மிரட்ட முடிந்தது என்றால், பெண்கள் அந்த நிர்வாகங்களைப் பற்றி என்ன நினைக்கும்படி நாம் வைத்திருக்கின்றோம்?

அந்தப் பெண் பயப்படாமல் புகார் கொடுத்தாள். அதனாலேயே அவன் பிடிபட்டான். 2025-ம் வருஷம் மே 28-ந் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று தீர்மானித்து, ஜூன் 2-ந் தேதி, 30 வருஷங்களுக்குக் குறையாமல் சிறையிலிருக்கும்படி ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் நடுவில் என்ன நடந்தது? அவளுடைய அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் ஊரெங்கும் பரவிற்று. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த நடையோ, குற்றத்தைப் பாதிக்கப்பட்டவள் தலையிலேயே சுமத்தும்படியாக இருந்ததென்று சென்னை உயர்நீதிமன்றமே கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட குழுவை விசாரணைக்கு நியமித்து, அறிக்கை வெளியானதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. முதல் வார்த்தையை எழுதிக்கொள்ளுகின்றவனுடைய மனத்தில் மனு உட்கார்ந்திருந்தால், கம்ப்யூட்டர் வந்தும், புதிய சட்டங்கள் வந்தும் என்ன பிரயோஜனம்?

பதிவேட்டைத் திறந்து வை

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றது என்று சொல்ல நாம் வரவில்லை. 1986-ம் வருஷம் பென்சில்வேனியா மாகாணத்தில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொலை செய்யப்பட்டாள். அந்த வளாகத்தில் அதற்கு முன் நடந்த குற்றங்களைப் பற்றித் தங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று அவளுடைய பெற்றோர் கேட்டார்கள். அவர்கள் விதியை நொந்துகொண்டு திதி கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. ஊர் ஊராகப் பேசிக் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பலனாக 1990-ம் வருஷத்தில் ஒரு சட்டம் வந்தது. இன்று அந்தப் பெண்ணின் பேராலேயே வழங்குகின்றது. அதன்படியும் அதன் பின்திருத்தங்களின்படியும், சர்க்கார் பண உதவி பெறும் கல்லூரிகள் வருஷாவருஷம் தங்கள் வளாகக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். சொந்தப் போலீசோ காவல் இலாகாவோ வைத்திருக்கும் கல்லூரி, வந்த புகார்களை அன்றாடம் பதிவேட்டில் எழுதி, யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். ஆபத்து தொடர்கின்றது என்று தெரிந்தால் மாணவர்களுக்குக் காலதாமதமின்றி எச்சரிக்கை கொடுக்க வேண்டும்.

சட்டம் வந்தும் ஒருமுறை பெருந்தவறு நடந்தது. 2007-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை ஏழேகால் மணியளவில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். போலீசுக்குத் தகவல் சில நிமிஷங்களில் போய்விட்டது. ஆனால் நிர்வாகத்திலுள்ள பெரியவர்கள் கூடி யோசித்து மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பியபோது மணி 9-26. அதற்குச் சற்றுப் பின்னால் அதே கொலைகாரன் வகுப்பறைக் கட்டடத்தில் புகுந்து இன்னும் 30 பேரைக் கொன்றான். டெலிபோனை எடுக்கின்றவர் எவ்வளவு திறமைசாலியாயிருந்தாலும், அவருக்குத் தெரிந்தது மேலிடத்து மேஜையில் இரண்டு மணி நேரம் தூங்குமானால் உயிர் போய்விடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆகவே டெலிபோன் மாத்திரம் போதாது. பதிவேடு திறந்திருக்க வேண்டும். நமது கல்லூரிகளிலோ, "வெளியில் தெரிந்தால் கல்லூரியின் மானம் போய்விடும்" என்பதே பெரிய வேதவாக்காயிருக்கின்றது. கல்லூரி என்பது கல்லும் சுண்ணாம்பும். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மானம் ஏது? மானம் மனிதனுக்கே உரியது. படிக்க வந்த பெண்ணுடைய மானத்தையும் உயிரையும் கொடுத்துக் கட்டடத்தின் மானத்தைக் காப்பாற்றுவது என்பது, பக்தனைப் பட்டினி போட்டு விக்கிரகத்துக்குப் பாலாபிஷேகம் செய்வதைப் போன்றதேயாகும்.

மதிலைப் பற்றி ஒரு வார்த்தை

"நாங்கள் மதிலை உயர்த்தியிருக்கின்றோம், மாலை ஆறு மணிக்கெல்லாம் பெண்கள் விடுதியைப் பூட்டிவிடுகின்றோம்" என்று சில நிர்வாகிகள் பெருமையடித்துக் கொள்ளுகின்றார்கள். மதிலைப் பற்றிச் செஞ்சிக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய இந்த மதிலைக் காண 2025-ம் வருஷம் ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமும் வந்திருக்கின்றது. ஆனால் எவராலும் பிடிக்க முடியாது என்று சொல்லப்பட்ட அந்தக் கோட்டையை 1750-ம் வருஷம் செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்துவிட்டார்கள். மதில் காவல் செய்யாது. மனிதன்தான் காவல் செய்ய வேண்டும். பெண்ணைப் பூட்டி வைப்பதற்குப் பேர் காவல் அல்ல, சிறை. குற்றம் செய்யக்கூடியவனை வெளியே உலவ விட்டு, குற்றத்துக்கு ஆளாகக் கூடியவளை உள்ளே பூட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆட்சேபணைகள்

கல்லூரிக்குள் போலீசா என்று மாணவத் தோழர்கள் திடுக்கிடுவது நமக்குத் தெரியும். அவர்கள் பயப்படுவதற்குக் காரணமும் உண்டு. 1965-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி சிதம்பரத்தில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீசார் துப்பாக்கிக்கு இரையானதை இந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. 2019-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி டில்லியில் ஜாமியா பல்கலைக்கழக நூல்நிலையத்துக்குள் போலீசார் புகுந்து அடித்தார்கள். மூன்று வாரத்துக்குள் 2020 ஜனவரி 5-ந் தேதி அதே டில்லியில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குள் முகமூடிக் கும்பல் புகுந்து மாணவர்களை அடித்தபோது, கூப்பிட்டும் போலீசார் வேளைக்கு வரவில்லையென்று மாணவர்கள் குற்றம் சாட்டினார்கள். கூப்பிடாதபோது வருவதும், கூப்பிட்டபோது வராததும் இந்த நாட்டு அனுபவம்.

இதனாலேயே நாம் கேட்பது தடியையல்ல, காதை. வளாகத்துக்குள் நிரந்தரமாகப் போலீசுப் பட்டாளத்தை நிறுத்துவது வேறு. இரவும் பகலும் எடுக்கக்கூடிய ஒரு நம்பரும், பயிற்சி பெற்ற ஓர் ஆளும், 112-க்கும் 108-க்கும் உடனே தொடர்பு கொள்ளும் வசதியும் இருப்பது வேறு. அந்த ஆள் மாணவர்கள் மீது உளவு சொல்லுகின்ற ஆளாக இருக்கக்கூடாது. கூப்பிட்டவள் யாரோடு இருந்தாள் என்ற சங்கதி பெற்றோருக்கோ நிர்வாகத்துக்கோ அவள் சம்மதமில்லாமல் போகக்கூடாது. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய உள் புகார்க் குழு மறுநாள் விசாரிக்க உதவும். அன்று ராத்திரிக்கு உதவாது. ராத்திரிக்கு உதவுவது டெலிபோனை எடுக்கின்ற ஆள் ஒருவரே.

இதற்குப் பணம் ஏது என்பார்கள். ஆயுத பூஜைக்கும், ஆண்டு விழாவுக்கும், வாசலில் பிள்ளையார் கோயில் கட்டுவதற்கும் ஏது பணம் என்று திருப்பிக் கேட்கின்றோம். நன்கொடை என்றும் கட்டணம் என்றும் வாங்குகின்ற கல்லூரிகளுக்கு, மூன்று ஷிப்டுக்கு மூன்று நாலு ஆட்களை நல்ல சம்பளத்தில் வைப்பது மலையைப் புரட்டுகின்ற காரியமா?

எடுப்பவருடைய கதி

கடைசியாக ஒன்று. பிறர் ஆபத்தைக் கேட்டுக் கேட்டுப் பிழைப்பவர்களுடைய கதியையும் யோசிக்க வேண்டும். ஒரு இரவில் ஒரு தாயின் அலறலைக் கேட்டு முடித்து, அந்தக் குழந்தை பிழைத்ததா செத்ததா என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல், அடுத்த நிமிஷம் அடுத்த அழைப்பை எடுக்க வேண்டிய வேலை அது. அமெரிக்காவிலேயே 2018-ம் வருஷத்துச் சர்க்கார் தொழில் வகைப்பாட்டில் இவர்களை ஆபத்துதவியாளரோடு சேர்க்காமல் ஆபீஸ் குமாஸ்தாக்களோடு சேர்த்து வைத்தார்கள். உடம்பால் ஓடாதவன் உழைக்கவில்லை என்பது அவர்கள் எண்ணம் போலும்! தமிழ்நாட்டில் 108 வண்டித் தொழிலாளர்கள் பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டு மணியாக்கும்படி பல வருஷங்களாகக் கிளர்ச்சி செய்து வருகின்றார்கள். கல்லூரி வாசலில் நிற்கும் காவலாளியோ பெரும்பாலும் கண்டிராக்டில் வந்தவர். "பெரியவரே, தள்ளி நில்லும்" என்று காரில் வருகின்றவர்களெல்லாம் அதட்டுகின்ற அந்த மனிதரிடத்திலேயே நமது பெண்களுடைய உயிரை ஒப்படைத்துவிட்டு, அவருக்குப் பயிற்சியுமில்லை, ஒழுங்கான கூலியுமில்லை, கேள்வி கேட்க அதிகாரமுமில்லை என்று வைத்திருப்பது புத்தியுள்ளவர்கள் செய்கின்ற காரியமல்ல. தன் சுயமரியாதையைக் காத்துக்கொள்ள வழியில்லாதவர் பிறர் சுயமரியாதையை எப்படிக் காப்பாற்ற முடியும்?

ஆகவே அனந்தபுரத்துப் பெற்றோர்களுக்கும், இதைப் படிக்கின்ற மற்றெல்லாப் பெற்றோர்களுக்கும் நாம் சொல்லிக்கொள்ளுவது இதுதான். அடுத்த வருஷம் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது நாலு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முதலாவது, ராத்திரியில் ஆபத்து வந்தால் கூப்பிட வேண்டிய நம்பர் எது, அது விடுதிச் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றதா? இரண்டாவது, எடுப்பவர் யார், அவருக்குப் பயிற்சி உண்டா, எத்தனை மணி நேரம் வேலை, என்ன சம்பளம்? மூன்றாவது, சென்ற வருஷம் இந்த வளாகத்தில் வந்த புகார்கள் எத்தனை, அந்தப் பதிவேட்டைக் காட்டுவீர்களா? நாலாவது, கூப்பிட்ட பெண்ணிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?

இந்த நாலாவது கேள்விக்கு "எங்கே இருக்கின்றாய் என்று கேட்போம்" என்று பதில் வந்தால் பிள்ளையைத் தைரியமாகச் சேருங்கள். "ஏன் போனாய் என்று கேட்போம்" என்று பதில் வந்தால், அந்த நிர்வாகியின் மேஜையிலேயே உட்கார்ந்து, அவர் மாற்றிக்கொள்ளும் வரையில் எழுந்திராதீர்கள். ஒரு பெற்றோர் கேட்டால் திமிர் என்பார்கள். ஒரு கிராமமே கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லி அனுப்புங்கள். "மானத்தைக் காப்பாற்று" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "எந்த நேரமானாலும், எந்த இடமானாலும், யாரோடு இருந்தாலும், ஆபத்து என்றால் பயப்படாமல் கூப்பிடு, வீட்டில் யாரும் உன்னை ஏன் என்று கேட்கமாட்டோம்" என்று சொல்லி அனுப்புங்கள். கையில் கட்டுகின்ற கயிற்றைவிட அந்த வார்த்தை அவர்களுக்குப் பெரிய காப்பாகும்.